பத்து நிமிஷத்தில் ஏழு வாசல்

கண்டக்டர் இல்லை அக்கா, நான்தான். "லேடீஸ் சீட்டு, லேடீஸ் சீட்டு, எந்திரிபா, தூங்கற மாதிரி ஆக்டு குடுக்காத" என்று கத்தியது நான்தான். கண்டக்டர் அதோ முன்னால் டிக்கெட் மிஷினைத் தட்டிக்கொண்டு நிற்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆளைப் பாருங்க, எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரை முறைக்கிறான்.

உட்காருங்க. சிரிச்சிட்டீங்க இல்ல? நன்றியெல்லாம் வேண்டாம். நான் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் நான் சொல்றதைக் கேளுங்க, போதும். இன்றைக்கு எனக்கு வருகிற கோபத்துக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் இந்தக் கம்பியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிடுவேன்.

பேரு தினகர். பதினொன்றாவது படிக்கிறேன். நெட்டுக்கல் குப்பம். நீங்கள் ஏறினீங்களே, அதற்கு இரண்டு ஸ்டாப் முன்னால். ரோட்டுக்குக் கிழக்கே குப்பம், மேற்கே முத்துக்கரை நகர். அங்கே எல்லாம் பங்களா. எங்கள் அம்மா அதில் ஒரு பங்களாவில்தான் பாத்திரம் தேய்க்குது. அடுத்தவர் குரல் எடுப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் ஒருமுறை அரைநாள் லீவு விட்டேன். "மாணவச் செல்வங்களே, க்கும், இன்று மதியம் பள்ளி கிடையாது, க்கும்." ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள். அந்த 'க்கும்' இருக்கிறதே, அதுதான் விஷயம். எல்லாரும் சொல்லைப் பிடிப்பார்கள், நான் இருமலைப் பிடிப்பேன்.

சரி, அது கிடக்கட்டும். கன்னியம்மா அத்தையைப் பற்றிச் சொல்லணும்.

சொந்த அத்தை இல்லை. குப்பத்தில் எல்லாருக்கும் அத்தை. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், அறுபது நெருங்குது. மாமா போய்ப் பத்து வருஷம், பிள்ளைகுட்டி கிடையாது. தலையில் கூடை வைத்து முத்துக்கரை நகரில் தெருத்தெருவாக மீன் விற்றவள். "மீனேய்... சங்கரா, நெத்திலீ..." என்று அந்த 'லீ'யை இழுத்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். கார்த்திகை மாசம் கடல் ஏறி வந்து ஒரே காலையில் ஒன்பது வீட்டைத் தின்றுவிட்டது. அதில் ஒன்று அவளுடையது. மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் அண்ணன் வீடு, மாமனார் வீடு என்று ஒண்டிக்கொண்டார்கள். இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். மூக்கு அடைத்த குரல். "ஒம்பது பேருக்கும் வாரிய வீடு உண்டு. கணக்கெடுக்க வருவோம். வர்றப்ப அவங்கவங்க அவங்கவங்க இடத்துல நிக்கணும். நிக்க வெச்சி போட்டோ எடுப்போம். ஆள் இல்லன்னா வீடு இல்ல."

"எப்ப சார் வருவீங்க?"

"வர்றப்ப வருவோம்மா."

இவ்வளவுதான் சொன்னார். இவள் என்ன செய்தாள் தெரியுமா? ட்ரங்குப் பெட்டி, மீன் கூடை, ஒரு பிளாஸ்டிக் குடம், மூன்றையும் எடுத்துக்கொண்டு குப்பத்துச் சந்துக்கு எதிரில் இருக்கிற பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் சந்துக்குள் யார் நுழைந்தாலும் தெரியும். மீன் எடுக்க விடியற்காலையில் காசிமேடு போகணும், அந்த நேரத்தில் அவர்கள் வந்துவிட்டால்? அதனால் வியாபாரத்தையும் விட்டாள். ஏழு மாசம் அக்கா. வெயில் காலம் முழுக்க அங்கேதான்.

பிச்சை எடுத்தாளா என்று கேட்காதீங்க. எல்லாரும் கேட்கிற கேள்வி அது. எடுக்கவில்லை. கேட்டதே இல்லை. காலையில் வாக்கிங் போகிறவர்கள் இட்லி வைத்துவிட்டுப் போவார்கள். காரை நிறுத்திப் பழைய புடவை போடுவார்கள். பிறந்தநாள் கேக் மிச்சம் வரும். ஒருதரம் நாய் பிஸ்கட் வந்தது, அதையும் வைத்துவிட்டுப் போனது ஒரு நல்ல மனசு. இவள் ஒருதடவை நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். சாப்பிடுவாள், ஏன் பொய் சொல்லணும். டப்பாவில் வந்தால் கழுவிக் கவிழ்த்துப் பெஞ்சு ஓரத்தில் வைப்பாள், கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். இவள் கை பட்ட டப்பா இல்லையா?

அந்த நகருக்கு ஒரு குடியிருப்போர் சங்கம். அதற்கு ஒரு செக்ரட்டரி, பொன்னம்பலம் சார். எப்படிப் பேசுவார் கேளுங்க. "வீ ஆர் நாட் அகெய்ன்ஸ்ட் எனிபடிமா. பட், ஒரு சிஸ்டம் வேணும் இல்லியா? நம்ம என்ட்ரன்ஸ்ல இப்படி ஒரு சைட்டு... கெஸ்ட்டு வர்றாங்க, போறாங்க..." அச்சு அசலா இருக்கா? நீங்கள் அவரைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் இப்போது பார்த்துவிட்டீங்க. தொப்பை வரைக்கும் தெரியுது இல்ல?

அந்த ஆள் முதலில் ஒரு போர்டு வைத்தார், 'இங்கு யாருக்கும் பிச்சை இடாதீர்.' அத்தைக்குப் படிக்கத் தெரியாது. காற்றுக்கு வாகாக இருக்கிறதென்று அதன்மேல் ஈரப் புடவையைக் காயப்போட்டாள். அடுத்து வெல்டிங் ஆளைக் கூட்டிவந்து பெஞ்சில் மூன்று இடத்தில் இரும்பு வளைவு வைத்தார். உட்காரலாம், படுக்க முடியாது. அன்றிலிருந்து அவள் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். முட்டி வீங்கிப்போச்சு. கக்கூஸ் போக எங்கள் வீட்டுக்கு வருவாள், வரும்போதே சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் வருவாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. அதனால்தான் மணி அடித்தேன்.

அவளுக்காகத்தான். சரி, கொஞ்சம் ஜாலிக்கும். லீவு வேற.

அந்த பங்களாக்களில் எல்லாம் புது மாதிரி மணி. அமுக்கினால் வீட்டுக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் அவர் போனில் நம் முகம் தெரியும், நாம் பேசுவது பதிவாகும். நான் கேமரா கண்ணில் பபிள்கம்மை அப்பிவிட்டு அமுக்கினேன். என்ன குரல் எடுத்தேன்? அத்தையின் 'நெத்திலீ'யை எடுத்தேன். அந்த இழுப்பு அப்படியே இருக்கும், சொல் மட்டும் வேறு. "தாயீ... ஒரு வா சோறு போடு தாயீ... கடலு எங்கூட்டைத் துன்னுடுச்சி தாயீ..."

ஐயோ, சத்தமாகச் சொல்லிவிட்டேனா? எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒன்றுமில்லைங்க, சும்மா. பாருங்க, அந்தப் பெரியவர் பாக்கெட்டில் கை விட்டுவிட்டார். ஐயா, வேண்டாம் ஐயா, நான் கேக்கல!

முதல் வீட்டில் ஒரு பொம்பளை, "வாட்ச்மேன்! வாட்ச்மேன்!" இரண்டாவது வீட்டில் ஒரு தாத்தா, "அந்தண்ட போம்மா, இது சாப்பாட்டு நேரம்." சாப்பாட்டு நேரத்தில்தானே ஐயா சோறு கேட்பார்கள்? மூன்றாவது இருக்கிறதே, அதுதான் சூப்பர். "ஹலோ, நான் சிங்கப்பூர்ல மீட்டிங்ல இருக்கேன், மெய்டு கிட்ட கேட்டுக்கோங்க" என்று ரொம்ப மரியாதையாக ஒரு அண்ணன். அப்படியே தெருக் கோடி வரைக்கும் அமுக்கிக்கொண்டே ஓடினேன். ஏழு வாசல். பத்து நிமிஷம்கூட இல்லை. சுவர் ஏறிக் குதித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

இரண்டு நாள்தான் செய்தேன். சரி, நாலு நாள்.

அவர்களுக்கு உறைக்கும் என்று நினைத்தேன் அக்கா, சத்தியமா. வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்க்காத மாதிரி போகிறார்களே, வாசலில் வந்து கேட்டால் என்ன செய்வார்கள், பார்ப்போம் என்று. என்ன செய்தார்கள்? சங்கத்து வாட்ஸ்அப்பில் சண்டை போட்டார்கள். அம்மா வேலை செய்கிற வீட்டில் சத்தமாகப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், அம்மா வந்து சொன்னது. ஒருத்தர், "ரெண்டு பத்துக்கு என் கேட்ல இருந்தா." இன்னொருத்தர், "நோ நோ, ரெண்டு பதினொண்ணுக்கு என் கேட்ல." இன்னொருத்தர், "ரெண்டு பன்னண்டு, பின் தெரு."

யோசிக்க வேண்டாமா? முட்டி வீங்கினவள். சுவரைப் பிடிக்காமல் நாலடி நடக்க முடியாதவள். பத்து நிமிஷத்தில் ஏழு வாசல் எப்படிப் போவாள், பறந்தா? அத்தனை பேரும் பெரிய பெரிய படிப்பு. ஒருத்தருக்காவது மூளை வேண்டாமா? இருபது வருஷமாக அவர்கள் வாசலில் மீன் விற்ற குரல் அக்கா. "எலும்பெடுத்துக் குடு கன்னியம்மா, தலையைத் தனியா வை கன்னியம்மா" என்று பேரம் பேசின குரல். அது நிஜமா போலியா என்று தெரியவில்லையே! இத்தனைக்கும் நான் ஒரு இடத்தில் தப்பே விட்டேன். அத்தை 'தாயீ' என்று சொல்லவே மாட்டாள், 'யம்மா' என்பாள். அதைக்கூட ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

போன வியாழக்கிழமை வேன் வந்தது. பிச்சைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்க் காப்பகத்தில் விடுகிற வேன். ஒரு ஏட்டு, வேன்காரர்கள் இரண்டு பேர், நம் பொன்னம்பலம் சார். பஸ்ஸுக்கு நின்றவர்கள், குப்பத்துப் பொம்பளைகள் என்று கூட்டம். நானும் நின்றேன், டியூஷன் பையோடு.

அத்தை பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, "நான் பிச்சைக்காரி இல்ல சார். வூடு வரணும், அதுக்குக் குந்தினு கீறேன்" என்றாள்.

"வூடு வூடா போய் மணி அடிக்கிறியாமே?" என்றார் ஏட்டு.

"நானா?"

பொன்னம்பலம் சார் போனை எடுத்தார். "எவிடன்ஸ் இருக்கு சார், ப்ளீஸ் லிஸன்" என்று போட்டார். என் குரல் வந்தது. அதாவது அவள் குரல். ஸ்பீக்கரில் கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்துப்போச்சு, அவ்வளவு தத்ரூபம். சரி, இப்போது மாட்டிக்கொண்டார் செக்ரட்டரி என்று நினைத்தேன். இது நான் இல்லை என்று அவள் சொல்லப்போகிறாள், ஏட்டு யோசிக்கப்போகிறார், காமெடி ஆகப்போகிறது.

அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். "இன்னொரு வாட்டி போடு சார்" என்றாள். மறுபடியும் போட்டார். கேட்டுவிட்டுக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லாரையும் பார்த்தாள், என்னையும்தான்.

அப்புறம் சொன்னாள். "ஆமா சார். என் குரலுதான்."

"எதுக்குமா அடிச்ச?"

"பசிச்சுது, அடிச்சேன். வேற யாரும் இல்ல சார். நான் மட்டுந்தான்."

பார்த்தீங்களா? இதுக்கு என்ன செய்வது, சொல்லுங்க. தன் குரல் எது, அடுத்தவன் குரல் எது என்று தெரியாத ஒரு பொம்பளை! வேறு யாராவது உண்டா என்று ஏட்டு கேட்கவே இல்லை, இவளாகச் சொல்கிறாள். வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து மூளை குழம்பிவிட்டது. அவளே ஒத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்? நான் வாயைத் திறந்து என்ன சொல்ல? அவளே 'என் குரல்' என்று சொன்ன பிறகு நான் போய் 'இல்லை, என் குரல்' என்று சண்டை போடவா?

வேனில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டாள். "டேய் தினகரு, பொட்டிய உங்கூட்ல வை. தாலுகா ஆபீஸ் சீட்டு உள்ள கீது. அவுங்க வந்தாங்கன்னா நான் இங்கதான் இருந்தேன்னு சொல்லு. மறந்துடாத." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்ய?

அதற்கு அடுத்த நாளே, வெள்ளிக்கிழமை, தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கணக்கெடுப்பு. ஏழு மாசம் வராதவர்கள், அவள் போன மறுநாள் வருகிறார்கள். புதன்கிழமை என்றால் இன்றைக்கு. இப்போது மணி என்ன? பதினொன்று நாற்பதா? சரி. இன்னும் இருக்கு.

இப்போது எங்கள் ஊர் மானஸ்தர்களின் கதையைக் கேளுங்க. ஊர்த் தலைவரை நாட்டார் என்போம். எங்கள் நாட்டார் தேசிங்கு. தொண்டையில் சங்கு வைத்த மாதிரி குரல். ஞாயிற்றுக்கிழமை படகுக்குப் பக்கத்தில் ஊர் கூடியது. கன்னியம்மாவைக் கூட்டிவர ஊர் சார்பில் யாராவது போய்க் கையெழுத்துப் போடணும் என்று எங்கள் அம்மாதான் பேச்சை எடுத்தது. அதற்குள் அந்த ரெக்கார்டிங் வாட்ஸ்அப்பில் குப்பத்துக்கே வந்திருந்தது. நாட்டார் நடுவில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்துப் போட்டார். மூன்றாவது தடவையாக என் குரல்.

"கேட்டீங்களாபா? பஸ் ஸ்டாப்புல குந்தினு இருந்தா, சரி, போட்டும்னு வுட்டோம். பங்களா வாசல்ல மணி அடிச்சி சோறு கேட்டா பாரு, அது எப்டி? நம்ம ஊர்ல கடல்ல செத்தவன் உண்டு, கை ஏந்தினவன் உண்டா? இந்தக் கையெழுத்து ஊரு போடாது. அவ்ளோதான், கலைங்க."

அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். அவள் கூட நாற்பது வருஷம் கரையில் உட்கார்ந்து மீன் பிரித்தவர்கள். ஒருத்திகூட, 'இது அவ இல்லபா, அவ யம்மான்னுதான சொல்லுவா' என்று சொல்லவில்லை. காது எதுக்கு வைத்திருக்கிறார்கள், கம்மல் மாட்டவா? எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. காறித் துப்பலாம் போல இருந்தது.

என்ன பார்க்கிறீங்க? நீ சொல்லியிருக்கலாமே என்று பார்க்கிறீங்களா? ரொம்ப ஈசியா இருக்கு இல்ல, பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பார்க்க? சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? ஊர் மானத்தை வாங்கின குடும்பம் என்று அப்பாவை ஒரு மாசம் கரையில் உட்கார வைப்பார்கள். படகில் ஏறக்கூடாது, வலையைத் தொடக்கூடாது. அந்தப் பக்கம் பொன்னம்பலம் சார், "உங்க பையன் க்ரிமினல் ஆக்ட் பண்ணியிருக்கான்மா" என்று அம்மாவை வேலையை விட்டு அனுப்புவார். அதனால் நான் சொல்லவில்லை. பயம் எல்லாம் இல்லை. நான் எதற்குப் பயப்படணும்?

சும்மாவும் இருக்கவில்லை. என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன். காப்பகத்துக்குப் போன் போட்டேன், பொன்னம்பலம் சார் குரலில். "யா, திஸ் ஈஸ் பொன்னம்பலம், அந்த லேடி விஷயமா... வீ ஆர் வித்ட்ராயிங் த கம்ப்ளெய்ன்ட்." எடுத்தது சூப்பிரண்டு அம்மா. அலுத்துப்போன குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பெருமூச்சு. "எழுத்துல குடுங்க சார். ஹ்ம்." வைத்துவிட்டார். அடுத்து நாட்டார் குரலில் போட்டேன். "நேர்ல வாங்க ஐயா. ஹ்ம்." அடுத்து ஒரு வக்கீல் குரல், நானே உருவாக்கினது. அதற்கும் ஹ்ம்.

கடைசியில் என் சொந்தக் குரலில்தான் கேட்டேன், மேடம், கூட்டிவர என்ன வழி என்று. அதற்கு அந்த அம்மா, "தம்பி, சொந்தக்காரங்க யாராவது ஆதாரோட வந்து கையெழுத்து போடணும். பதினெட்டு முடிஞ்சிருக்கணும். இல்ல, கம்ப்ளெய்ன்ட்டு தப்புன்னு தெரிஞ்சா நாங்களே அனுப்பி வெச்சிடுவோம். எங்களுக்கு மட்டும் என்ன, இங்க இடமா இருக்கு? நாப்பது பேர் இருக்க வேண்டிய இடத்துல தொண்ணூறு பேர் இருக்காங்க. ஹ்ம்" என்றார்.

எனக்குப் பதினாறு. அம்மா வராது, நாட்டார் சொன்ன பிறகு எப்படி வரும்?

அதனால்தான் அக்கா... நீங்கள் ஏறும்போதே பார்த்தேன். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. நர்ஸா? நர்ஸ் என்றால் அங்கே மறுபேச்சு பேச மாட்டார்கள். ஆதார் எல்லாம் பையிலேயே வைத்திருப்பீங்க. காப்பக ஸ்டாப்பில் என்னோடு இறங்கி, கன்னியம்மாவின் தங்கச்சி மகள் என்று ஒரு கையெழுத்து. ஐந்து நிமிஷம். பழவேற்காடு என்று சொன்னால் போதும், மீதியை நான் பேசுகிறேன். மூன்று மணிக்கு அவள் அவளுடைய இடத்தில் நின்றாகணும் அக்கா. நிற்காவிட்டால் எட்டு வீடுதான். ஒன்பதாவது கிடையாது. அறுபது வயதில் அவள் திரும்ப எங்கே போய் உட்காருவாள்? அந்த இரும்பு வளைவுக்கு நடுவிலா?

வேண்டாம். நீங்கள் சொல்லப்போவதை நானே சொல்கிறேன். "தம்பி, எனக்கு டூட்டிக்கு லேட்டாச்சு, நான் எப்படிப்பா தெரியாதவங்களுக்கு..." உங்கள் குரல்தானே? அந்த 'எப்படிப்பா'வில் லேசாகத் தொண்டை கட்டும் உங்களுக்கு, சீட்டில் உட்காரும்போது "தேங்க்ஸ்பா" என்றீங்களே, அதிலேயே பிடித்துவிட்டேன். பொன்னம்பலம் சாருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் இரும்பு வைத்தார், நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீங்க.

என்ன?

என்ன சொன்னீங்க? சத்தமா சொல்லுங்க.

"அந்தம்மாவுக்குத் தெரியும்ல?" அத்தைக்கா? என்ன தெரியும்?

இல்லை. இல்லைக்கா. அவளுக்குத் தெரியாது. நான் குரல் எடுத்தால் எங்கள் அம்மாவுக்கே தெரியாது. இரண்டாவது தடவை போடச் சொன்னது சரியாகக் கேட்காமல்தான். காது மந்தம் அவளுக்கு.

மந்தம் இல்லை. படகு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே என்ஜின் சத்தத்தை வைத்து யார் படகு வருகிறது என்று சொல்வாள். அது வேறு. அது படகு.

சும்மா இருங்க. நீங்கள் அங்கே இருந்தீங்களா? எல்லாரையும்தான் பார்த்தாள் என்று சொன்னேனே. என்னையும் பார்த்தாள் என்றால், நான் நின்றேன், பார்த்தாள். 'வேற யாரும் இல்ல' என்று சொன்னால்... அது ஒரு பேச்சு. எல்லாரும் சொல்கிற பேச்சு. ஏட்டு கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்...

அவளாகச் சொன்னாள்.

தெரிந்தால் சொல்லியிருக்கலாமே! 'இதோ நிக்கிறான், இந்த நாய்தான்' என்று கையைக் காட்டியிருக்கலாமே! காட்டிக் கொடுப்பதுதானே? ஏழு மாசம் உட்கார்ந்த இடம். வீடு. எல்லாத்தையும் விட்டுவிட்டு வேனில் ஏறி, என்னிடம் பெட்டியைக் கொடுத்து, 'நான் இங்கதான் இருந்தேன்னு சொல்லு' என்றால், யாரக்கா அவளை அப்படிச் செய்யச் சொன்னது? நான் கேட்டேனா? நான் கேட்டேனா அவளை?

அழவில்லை. காற்று அடிக்குது, நீங்கள்தான் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கீங்க.

அடுத்த ஸ்டாப்தான். இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். வேண்டாம்னா வேண்டாம், உட்காருங்க. தங்கச்சி மகளும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். டூட்டிக்குப் போங்க.

கம்ப்ளெய்ன்ட்டு தப்பு என்று சொல்லப் போகிறேன். மணி அடித்தது நான் என்று. அந்தப் பெருமூச்சு அம்மா நம்ப மாட்டார். "தம்பி, ரெக்கார்டிங்ல பொம்பள குரல் இருக்கு, ஹ்ம்" என்பார். அப்போது செய்து காட்டச் சொல்வார்கள். அவளைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்திவிட்டு, எங்கே செய் பார்ப்போம் என்பார்கள். அத்தனை பேர் நடுவில், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் குரலில், அவள் கேட்காத சோற்றைக் கேட்டுக் காட்டணும்.

கேட்கிறேன். தள்ளுங்கப்பா, வழி விடுங்க, இறங்கணும்!